கீழ்நிலைக் கழகங்களின் கிண்ணம் அவற்றுக்கே உரியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சநிலையான பிரீமியர் லீக் கழகங்களின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகள், மூன்றாம், நான்காம் நிலைகளான லீக் வன், லீக் டூ கழகங்களுக்குரிய ஈ.எஃப்.எல். டிராபி கிண்ணத்தில் ஆடுவதை இளம் வீரர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்று பாராட்டித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். தெற்கு லண்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசித்து, லீக் டூ கழகம் ஒன்றின் ஆட்டங்களுக்குத் தவறாமல் சென்றுவருபவன் என்ற முறையில், அந்த வாய்ப்பு எவருடைய இழப்பில் கிடைக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இக்கிண்ணம் 1983-84 பருவத்தில் அன்றைய மூன்றாம், நான்காம் பிரிவு (இன்றைய லீக் வன், லீக் டூ) கழகங்களுக்கென்றே தொடங்கப்பட்டது. நாட்டின் முதன்மைக் கிண்ணமான எஃப்.ஏ. கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தை ஒருபோதும் எட்ட முடியாத கழகங்களுக்கு, 1985 முதல் வெம்பிளி மைதானத்தில் கால்வைக்க இதுவே வழியாக இருந்தது. 1987இல் லீக்கை விட்டே வெளியேறும் நிலையிலிருந்து பருவத்தின் கடைசி நாளில் தப்பிய பர்ன்லி, மறு ஆண்டே இக்கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் வுல்வர்ஹாம்டனைச் சந்தித்தது. இரண்டுமே நான்காம் பிரிவுக் கழகங்கள். ஆனால் அன்று வெம்பிளியில் கூடியிருந்தவர்கள் 80,841 பேர். 2019இல் போர்ட்ஸ்மவுத்தும் சண்டர்லாந்தும் மோதியபோது அந்த எண்ணிக்கை 85,021 ஆயிற்று. இளையோர் அணிகள் வந்த பிறகும் கூட்டம் குறையவில்லையே என்பதற்கு இந்த 2019ஆம் ஆண்டு ஆட்டத்தைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த மக்கள் எவருடைய இளையோர் அணியையும் பார்க்க வரவில்லை. தத்தம் ஊரின் அணியைப் பார்க்கவே வந்தார்கள்.

2016-17 பருவத்தில்தான் 16 இளையோர் அணிகள் முதன்முதலாக அழைக்கப்பட்டன. ஆர்சனல், லிவர்பூல், செல்சி, டொட்டன்ஹாம், இரு மான்செஸ்டர் கழகங்கள் ஆகியவற்றின் பயிற்சிக்கூடங்களுக்காகவே இந்த மாற்றம் என்று எண்ணியிருந்தோம். இவற்றுள் செல்சியைத் தவிர ஏனைய ஐந்தும் முதல் ஆண்டில் கலந்துகொள்ளவே இல்லை. வெற்றிடங்களை நிரப்ப இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் கழகங்களின் இளையோர் அணிகள் சேர்க்கப்பட்டன. 2014இல் கிரெக் டைக் தலைமையிலான இங்கிலாந்துக் கால்பந்துச் சங்க (எஃப்.ஏ.) ஆணைக்குழு, பெரிய கழகங்களின் ‘பி’ அணிகளுக்கு, அதாவது இரண்டாம் அணிகளுக்கு, இடமளிக்கும் ‘லீக் த்ரீ’ ஒன்றை முன்மொழிந்து எதிர்ப்பைச் சந்தித்திருந்ததால், அதே திட்டம் பின்கதவால் நுழைகிறதோ என்று ரசிகர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. பலர் ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

அந்த முதல் பருவத்தில் நடந்தவற்றை எண்ணும்போது இன்றும் மனம் வேகிறது. லீக் கழகங்கள் தமது முதன்மை அணி வீரர்கள் குறைந்தது ஐவரையாவது தொடக்கத்தில் களமிறக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. இவ்விதியை மீறியதாகப் பன்னிரண்டு கழகங்களுக்கு மொத்தம் 60,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. லூட்டனும் போர்ட்ஸ்மவுத்தும் தலா 15,000 பவுண் கட்ட நேர்ந்தது. லூட்டன் செய்த குற்றம், தன்னிடமே வளர்ந்த இளைஞர்களைக் களமிறக்கியதுதான். இளம் வீரர்களை வளர்ப்பதற்கென்று மாற்றியமைக்கப்பட்ட போட்டியில், பெரிய கழகத்தின் இளைஞனுக்கு அழைப்பும் சிறிய கழகத்தின் இளைஞனுக்குத் தண்டமும் கிடைத்ததை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பிராட்ஃபோர்ட் சிட்டியோ விதியை நிறைவேற்றுவதற்காகத் தனது கோல்காப்பாளர் கொலின் டொயிலை நிறுத்தி, மூன்றே நிமிடங்களில் வெளியே அழைத்தது. விதி பின்னர் தளர்த்தப்பட்டது உண்மையே. அடிப்படை ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

கடந்த பருவத்தில் ஒரு செவ்வாய் இரவு, என் மகன் வற்புறுத்தியதால் புறக்கணிப்பைக் கைவிட்டு அவனுடன் சென்றேன். எதிரணி ஒரு பெரிய கழகத்தின் இளையோர் அணி. விருந்தினர் பகுதியில் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய சிலரே இருந்தார்கள். அவர்களும் வீரர்களின் பெற்றோர் போலவே தோன்றினார்கள். அந்தப் பிள்ளைகள் அழகாக ஆடினார்கள், அதை நான் மறுக்கவில்லை. எனினும் அந்த அணிக்கென்று ஓர் ஊர் இல்லை, அதன் தோல்வியால் மறுநாள் காலையில் வருந்தப்போகிறவர்களும் இல்லை. வேறொரு லீக் டூ கழகம் வந்திருந்தால், மழையில் நான்கு மணிநேரம் பேருந்தில் வந்து பாடுகிற இருநூறு பேராவது அந்தப் பகுதியில் நின்றிருப்பார்கள்.

இளம் வீரர்களுக்கு வளர்ந்தோர் ஆட்டம் பழக வேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அதற்குரிய வழி ஏற்கெனவே இருக்கிறது. பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவரான ஹரி கேன் 2011இல், 17 வயதில், டொட்டன்ஹாமிலிருந்து மூன்றாம் நிலைக் கழகமான லெய்டன் ஓரியண்டுக்குக் கடனாக அனுப்பப்பட்டு, புள்ளிகளுக்காகப் போராடும் ஓர் அணியில், தவறினால் திட்டும் ரசிகர்களின் முன்னால் ஆடிப் பழகினார். கழகத்துக்கும் ஒரு வீரர் கிடைத்தார். ஸ்பெயினையும் ஜேர்மனியையும் உதாரணம் காட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இரண்டாம் அணிகள் லீக்கில் ஆடினாலும் தேசியக் கிண்ணங்களில் இன்று அவற்றுக்கு இடமில்லை. 1980இல் ரியல் மட்ரிட், தனது துணை அணியான காஸ்டில்லாவையே தேசியக் கிண்ணமான மன்னர் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் 6-1 எனத் தோற்கடித்த விசித்திரத்தைக் கண்ட நாடு ஸ்பெயின்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரீமியர் லீக்கின் ஆதரவு சிறிய கழகங்களுக்குத் தேவைப்படுகிறது. இம்முறையைத் தொடர்வதற்கு அக்கழகங்களே வாக்களித்தன என்பதும் தெரியும். 2019இல் பெரி கழகம் நிதி நெருக்கடியால் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதைப் பார்த்த எந்தத் தலைவரும் வருமானத்தை எளிதில் மறுக்க மாட்டார். ஆகவே அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த ஆதரவுக்கு ஈடாக அவர்களது ஒரே கிண்ணத்தில் 16 இடங்களைக் கேட்பது வலியவர் எளியவரிடம் செய்யும் பேரம். 2024-25இல் இன்னும் கீழே, ஐந்தாம் நிலையான நேஷனல் லீக்கின் கிண்ணத்திலும் 16 கழகங்களுக்கு எதிரே 16 இளையோர் அணிகள் நிறுத்தப்பட்டன.

தங்கள் வாசகர்களில் பலர் லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் இத்தகைய கழகங்களின் அருகிலேயே வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அக்கழகங்களின் பயிற்சி வகுப்புகளுக்குச் செல்கிறார்கள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, தங்கள் செய்தியாளர் ஒரு செவ்வாய் இரவு அந்தப் பார்வையாளர் பகுதியில் எங்களுடன் அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்த பின்னர் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
டூட்டிங், லண்டன்.