பொம்மலாட்டக்கார மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் வீட்டில் பார்த்தோமே, 'லேபிரிந்த்', அந்தப் படம் ஏன் ஓடவில்லை என்று கேட்டுவிட்டுச் சேலம் பஸ் ஏறிவிட்டீர்கள். சுருக்கமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1986இல் அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் இயக்கிய படம் அது; பொம்மைகளும் மனிதர்களும் சேர்ந்து நடித்தது. கடத்தப்பட்ட கைக்குழந்தைத் தம்பியைத் தேடி, சாரா என்ற பெண் ஒரு புதிர்ப்பாதைக்குள் போகும் கதை. சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்தார்கள்; அமெரிக்கத் திரையரங்குகளில் பாதியளவுதான் திரும்பி வந்தது. நியூயார்க் டைம்ஸ் நன்றாகவே எழுதியது. ஆனால் சிகாகோவின் பெரிய விமர்சகர்கள் இருவரும் கைவிட்டார்கள்.

அவர்களில் ஜீன் சிஸ்கல், கைக்குழந்தையை ஆபத்தில் காட்டிப் பார்வையாளரை இழுத்துப் பிடிப்பது கீழ்த்தரமான உத்தி என்று கடிந்துகொண்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. லோகிதாசனைப் பாம்பு தீண்டாமல் அரிச்சந்திரன் கதை ஏது? சந்திரமதி பிள்ளையைச் சுமந்து மயானத்துக்கு வரும் கட்டத்தில், மடியில் குழந்தையை வைத்திருக்கும் பெண்கள்தாம் முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருத்தியும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

ரோஜர் ஈபர்ட் 4 நட்சத்திரத்துக்கு 2 கொடுத்தார். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிற உலகத்தில் பதைபதைப்புக்கு இடமில்லை என்பது அவர் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. அரிச்சந்திரன் பொய் சொல்ல மாட்டான் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும். அதனால்தான் அவன் மனைவியிடமே சுடுகாட்டு வரி கேட்கும்போது அடிவயிறு கலங்குகிறது. தம்பியைத் தேடிப் போகும் சாராவுக்கு 13 மணி நேரக் கெடு இருந்தும், கதை நடுவில் அவிழ்ந்து கிடக்கிறது.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது பொம்மைகளைத் தந்திரக் காட்சிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பொம்மைகள் அழகு என்று ஒரு வரி, அவ்வளவுதான். அது நடிப்பு என்று எழுத எத்தனை பேருக்குத் தோன்றியது? ஹாகிள் என்ற அந்தக் குள்ளனின் உடலுக்குள் ஒரு பெண் நடக்கிறார். முகத்துக்குள் 18 மோட்டார்கள். அதை வெளியிலிருந்து நான்கு பேர் ரேடியோ கருவிகளால் இயக்குகிறார்கள். குரல் கொடுத்தவர் இயக்குநரின் மகன் பிரையன். உள்ளே இருப்பவரின் தோள் தாழும் அதே நொடியில், வெளியே இருப்பவர்கள் இமையைத் தாழ்த்த வேண்டும். ஐந்து பேரும் ஒரே மூச்சில் வெட்கப்பட்டால்தான் ஹாகிள் வெட்கப்படுவான். லூடோ என்ற அந்தப் பெரிய மிருகத்தின் உடை சுமார் 34 கிலோ. இரண்டு பேர் மாறி மாறித்தான் சுமந்தார்கள்.

பத்துக் கிலோ மரப்பொம்மையைத் தலை வளையத்தில் தொங்கவிட்டு ஆடுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சந்திரமதியின் மர முகத்தில் ஒரு தசையும் அசையாது. நீங்கள் கழுத்தை ஒரு விரல் அளவு முன்னே சாய்க்கிறீர்கள். அவள் தலை கவிழ்கிறது. கம்பியை மெல்ல இறக்குகிறீர்கள். கை பிள்ளையின் மார்பில் போய் நிற்கிறது. திரைக்குப் பின்னே உங்கள் சட்டை நனைந்திருக்கிறது. அந்த அழுகையை யாருடைய நடிப்பு என்று எழுதுவது? படம் பார்க்கும்போது நீங்கள் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாகிள் நடந்து வந்ததும், "இவனுக்கு எடை இருக்கிறது" என்றீர்கள். நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இதைவிடச் சரியான வரி இல்லை.

படத்தின் தோல்வியால் ஹென்சன் மிகவும் சோர்ந்துபோனார் என்று பிரையன் பின்னாளில் சொன்னார். வீட்டு வீடியோவில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதைக் கொண்டாடத் தொடங்கினார்கள். அது முழுதாகப் பெருகும் முன்பே, 1990இல், ஹென்சன் இறந்துவிட்டார். அவர் இயக்கிய கடைசித் திரைப்படம் அதுதான்.

ஆடி மாத ஆட்டங்கள் முடிந்ததும் அம்மாப்பேட்டைக்கு வருகிறேன். இன்னொரு முறை சேர்ந்து பார்ப்போம். எங்கே கை தெரிகிறது, எங்கே உயிர் வருகிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். உங்கள் பெயரிலேயே விமர்சனமாக வெளியிடலாம். அத்தையிடமும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்