பர்ன்ஸ் விட்டுக்கொடுத்த வரிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் பத்து நிமிஷக் காமெடி இந்தத் தடவையும் எடுபடவில்லை, மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதப்போகிறேன் என்றாய். அவசரப்படாதே அம்மா. நீ இருக்கிற நியூஜெர்சி நியூவார்க்கிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1920களின் தொடக்கம். வாடெவில் கொடிகட்டிப் பறந்த காலம். பாட்டு, வித்தை, நாய் வேடிக்கை, நகைச்சுவை எல்லாம் ஒரே மேடையில் வரிசையாக வரும். நகைச்சுவைக்காரர் ஜார்ஜ் பர்ன்ஸ் தன் புது மேடை ஜோடி கிரேசி ஆலனுடன் மேடை ஏறினார். ஜோக்கெல்லாம் தனக்கு, கேள்வி கேட்கிற வேலை மட்டும் கிரேசிக்கு என்று எழுதி வைத்திருந்தார். அந்தம்மா சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கே கூட்டம் சிரித்தது. இவர் சொன்ன ஜோக்குக்குச் சத்தமே இல்லை.

பர்ன்ஸ் எதையும் கிழித்துப் போடவில்லை. ஜோக்குகளை கிரேசி வாய்க்கு மாற்றிவிட்டு, தான் கேள்வி கேட்பவராக நின்றுகொண்டார். அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கிரேசி குத்தலாகப் பேசினால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அதையும் எடுத்தார். மேடையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூட முன்னாடியே பார்த்துக்கொள்வாராம். தன் சுருட்டுப் புகை அந்தம்மா முகத்தில் பட்டால் கூட்டம் தன்னை வெறுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். 1926இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஊர் ஊராகப் போனதால், அன்றைய ஆட்கள் கால் மணி நேரச் சரக்கை வருஷக்கணக்கில் தீட்டினார்கள். ரேடியோ வந்ததும் நாடே ஒரே ராத்திரியில் கேட்டுவிட்டது, வாராவாரம் புதுசு தேவைப்பட்டது. வாடெவிலுக்கே பேர்போன நியூயார்க்கின் பேலஸ் தியேட்டரே 1932இல் சினிமாக் கொட்டகையாகிவிட்டது. உனக்கோ, இன்னும் இணையத்தில் போடாததால், ஒவ்வொரு கிளப்பிலும் புதுக் கூட்டம்.

அத்தை குரலில் "அங்கே தயிர் உறையுமா?" என்று கேட்கிற இடத்தில் மட்டும் சிரித்தார்கள் என்றாயே. அப்படியானால் அத்தைக்கு இன்னும் நாலு வரி கொடு. நீ பதில் சொல்லி முழிப்பவளாக நில். அடுத்த தடவை முழுசாகப் பதிவு செய்து அனுப்பு, அமைதியாக இருந்த இடங்களை வெட்டாமல். நானும் அம்மாவும் உட்கார்ந்து கேட்கிறோம்.

அன்புடன்,
அப்பா