சும்மாடும் சுவரும்

காரைக்குடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. திட்டாதே. இடையில் கடலுக்கடியில் போய்விட்டு வந்தேன். சிரிக்காமல் படி.

மகள் பாலிக்கு அழைத்துப் போனாள். அங்கே துலாம்பென் என்று ஒரு கடலோர ஊர். படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம். மணல் குறைவு, காலடியெல்லாம் எரிமலைக் கருங்கூழாங்கல். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி. ஓர் அலை காலைத் தட்டியதும் கண்மாயில் எருமை படுப்பது போல உட்கார்ந்துவிட்டேன். அதே கல்லின் மேல் ஊர்ப் பெண்கள் துணியைச் சும்மாடாகச் சுருட்டி, தலையில் சிலிண்டரைக் கிடத்திக்கொண்டு போகிறார்கள். ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. ஊருணியிலிருந்து அப்பத்தா குடம் கொண்டுவந்த அதே நடை.

கண்மாயில் மூச்சடக்கும் போட்டியில் நீதானே எப்போதும் ஜெயிப்பாய்? இங்கே முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பதுதான். அடக்கியபடி மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதி ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். ஊத மறந்து, ஊசி ஏற்றியது போல் வலித்து, முதல் நாள் பாதியிலேயே மேலே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் சுவர். சரிந்துகொண்டே வந்த கருந்தரை சட்டென்று இல்லாமல் போனது. கிணற்று விளிம்பில் எட்டிப் பார்த்தால் வயிறு கூசுமே, அப்படி. ஆனால் விழவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறுகிறேன், விட்டால் இறங்குகிறேன். எனக்கு எல்லை 18 மீட்டர். சுவரோ அதற்கும் கீழே கருநீலத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. விசிறி விசிறியாகப் பவளம், அண்டா போன்ற கடற்பஞ்சு. விரலில் எங்கோ கீறியிருந்தது; ரத்தம் பச்சையாகக் கசிந்தது! அந்த ஆழத்துக்குச் சிவப்பு ஒளி வந்து சேர்வதில்லை. டார்ச் அடித்ததும் விரலும் சிவந்தது, சாம்பலாகத் தெரிந்த பவளமும் சிவந்தது.

பக்கத்திலேயே லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. கரையில் கிடந்ததை 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்து உள்ளே தள்ளிவிட்டது. இன்று பல இடங்களில் இரும்பே தெரியாமல் பவளம் மூடியிருக்கிறது.

பவளப் பூச்சி கட்டுவதும் சுண்ணாம்புதான், சுப்பு. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றவர்கள் நாம் என்பது அங்கே நினைவுக்கு வந்து, கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

இங்கே வீட்டு இரண்டாங்கட்டில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. சிமென்ட் அடித்துவிடலாம் என்று பங்காளிகள் நிற்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் உன் ஊர்ப் பக்கம் இருப்பதாகச் சொன்னாயே, அவரை அனுப்பி வை. கூலி முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மெய்யப்பன்