ஞாயிறு சந்திப்பு: ஏற்காடு

பொம்மை சேகரிக்கும் நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, ஏற்காடு ஏரிப் பக்கம் இருக்கும் நம் நண்பர் வீட்டில் கூடுகிறோம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கார் கிளம்பும். இடம் வேண்டியவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை துணிச் சீருடை போட்ட 12 அங்குல படைவீரர் பொம்மைகள் மட்டும். 1964-இல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ, 1966-இல் இங்கிலாந்தில் பாலிடாய் இறக்கிய ஆக்‌ஷன் மேன், இப்போது வரும், நிஜ மனித அளவில் ஆறில் ஒரு பங்கு உருவங்கள், எதுவானாலும் சரி. ஃபன்ஸ்கூலின் சின்ன ஜி.ஐ. ஜோக்கள் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அவற்றுக்குச் சட்டையும் பிளாஸ்டிக்தானே! இன்னொரு நாள் பார்ப்போம்.

மலையில் ஈரம் அதிகம், துணியில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு எடுத்து வாருங்கள். வழியில் சேலத்து வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவைக்காதீர்கள். வினைல் பாகங்கள் நெளிந்து பிசுபிசுக்கும், கறை சீருடையில் ஏறும். பழைய பொம்மைகளின் மூட்டுகளை உள்ளே எலாஸ்டிக் பிடித்திருக்கும். தளர்ந்திருந்தால் முறுக்கிப் பார்க்க வேண்டாம். பூட்ஸ் ஏறவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள், கணுக்கால் முறியும். பூட்ஸை மட்டும் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டால் நெகிழ்ந்துவிடும்.

பொம்மையின் பெல்ட் பக்கிள் உடைந்திருந்தால், மாதிரிக்கு அதைக் கொண்டுவாருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

துப்பாக்கி, தண்ணீர்க் குடுவை மாதிரி சின்னச் சாமான்களைப் பெயர் எழுதிய கவரில் தனியாகப் போடுங்கள். விலைப் பேச்சு சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.