பையன் செந்தூலில், ஓட்டு பாடாங் செராயில்

மலேசியத் தேர்தல் ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். தேர்தல் என்றால் எங்களுக்குத் தீபாவளிதான். பேனர், கொடி, துண்டறிக்கை என்று எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து நிற்பார்கள். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இருபதைச் சுற்றிய வயது. இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார், போன தடவை எத்தனை ஓட்டில் தோற்றார் என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்குத்தான் அத்துபடி. ஒரே தேர்தலுக்குப் பிறகு மூன்று பிரதமர்களைப் பார்த்துச் சலித்துப் போனவர்களும் உண்டு. சரி, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நான் எழுதுவது, சொந்த ஊரை விட்டு இங்கே வந்து வேலை செய்யும் இந்தப் பிள்ளைகள் ஓட்டுப் போடப் படும் பாட்டைப் பற்றி.

18 வயதில் ஓட்டுரிமை என்ற திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் 211 ஓட்டுகளோடு, ஓர் எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 முதல் பெயர் தானாகவே பதிவாகிறது. நல்ல காரியம். ஆனால் அது பதிவாவது ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள முகவரியில். பன்னிரண்டு வயதில் எடுத்த ஐசியைப் பதினெட்டில் மாற்றும்போதும் அதே சொந்த ஊர் முகவரிதான்.

முகவரியை மாற்றிக்கொள்ளட்டுமே என்பீர்கள். ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவுத் துறையில் மாற்றினால் மட்டும் போதாது, தொகுதி மாற்றத்துக்கு உங்களிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது பல பேருக்குத் தெரியவே தெரியாது. அறை வாடகையைக் கையில் காசாகக் கொடுக்கிற பிள்ளைகள் இவர்கள். ஒப்பந்தம் கிடையாது, கரண்டு பில் வீட்டுக்காரர் பெயரில். முகவரிக்குச் சான்று கேட்டால் எதை நீட்டுவது? அப்புறம், மாற்ற விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அம்மா அங்கே இருக்கிறார், வெள்ளம் ஏறும் சாலை அங்கே இருக்கிறது, என் ஓட்டும் அங்கேதான் என்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கெடா மாநிலத்துப் பாடாங் செராய் தொகுதியின் வேட்பாளர் எம். கருப்பையா காலமானார். அங்கே வாக்களிப்பை டிசம்பர் 7, புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தீர்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அங்கே ஓட்டு உள்ள என் கடைப் பையன் சனிக்கிழமைக்கு எடுத்த பஸ் டிக்கெட் வீண். வாரத்தின் நடுவில் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் மறுபடி பஸ் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், மறுநாள் வேலைக்கு வந்து நிற்க வேண்டும். நான் லீவு கொடுத்தேன். எல்லா முதலாளிகளும் கொடுப்பார்களா? 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம், ஓட்டுப் போட நியாயமான நேரம் தர வேண்டும், சம்பளம் பிடிக்கக் கூடாது என்கிறது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு உள்ளவனுக்கு ஒரு மணி நேரம் போதும். வடக்கே போகிறவனுக்கு இரண்டு நாள் வேண்டும்.

இதே பையன் லண்டனில் இருந்திருந்தால் தபால் ஓட்டுக்கு மனுப் போட்டிருப்பான். போலீஸிலோ ராணுவத்திலோ இருந்திருந்தால் முன்கூட்டியே வாக்களித்திருப்பான். செந்தூலில் இருக்கிற குற்றத்துக்கு இரண்டும் இல்லை. வெளியூரில் படிக்கிற, வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிற ஊரிலேயே, சொந்தத் தொகுதியின் ஓட்டுச் சீட்டில் முன்கூட்டி வாக்களிக்க வழி செய்யுங்கள்.

அச்சடிக்க நாள் போதாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2022இல் வேட்புமனு நவம்பர் 5, முன்கூட்டிய வாக்களிப்பு 15. பத்தே நாளில் சீட்டு தயாரானது. எண்ணிக்கை கூடினால் மிஷின் கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவுதான். போட்ட சீட்டைத் தொகுதி வாரியாகப் பிரித்து யார் கண்காணிப்பில் திருப்பி அனுப்புவது என்பதுதான் உண்மையான தலைவலி. அதைக் கட்சி ஏஜெண்டுகளோடு இப்போதே உட்கார்ந்து பேசலாம், தேர்தல் அறிவித்த பிறகு முடியாது.

அதுவரைக்கும் ஜேபிஎன் கவுண்டரில் முகவரி மாற்றும்போதே, தொகுதியையும் மாற்றவா என்று கேட்டு ஒரு படிவம் கொடுக்கச் சொல்லுங்கள். அதை அச்சடிக்கக் காசில்லை என்றால் செந்தூலுக்கு அனுப்புங்கள், முதல் ஆயிரம் இலவசம்.