ஸ்டீராய்டு எழுதும் முன் புழுவைத் தேடுங்கள்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உடம்புக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும் குடற்புழு அது. இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதிகளாக இருந்தவர்கள் சிலரிடம், 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது உயிரோடு இருந்ததைக் கண்டறிந்ததே உங்கள் துறைதான்.

அத்தனை காலமும் அதை அடக்கி வைப்பவை நம் நோய் எதிர்ப்புச் செல்கள். அவற்றில் டி செல்கள் கூப்பிட, ஈசினோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. விழுங்க முடியாத அளவு பெரிய எதிரி என்பதால், புழுக்குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. மாஸ்ட் செல்களும் சேர்ந்துகொள்ள, குடல் சளியைப் பெருக்கிப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கிறது. புழு முழுதாக ஒழிவதில்லை, ஆனால் எல்லை மீறுவதும் இல்லை. நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு உள்ளே போனதும் இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது.

என் அப்பாவுக்கு இருமலும் மூச்சிரைப்பும் இருந்தன. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஈசினோஃபில் 18 சதவீதம், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. அலர்ஜி என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். அடுத்த ரிப்போர்ட்டில் அந்த எண் ஏறக்குறைய பூஜ்யம். நல்ல முன்னேற்றம் என்றார்கள், நாங்களும் மகிழ்ந்தோம். ஸ்டீராய்டு காவலை அடக்கியதால்தான் எண் இறங்கியது என்று அப்போது தெரியவில்லை. அப்புறம் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், தீவிர சிகிச்சைப் பிரிவு. கடைசியில் இருமலில் வந்த சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது புழுக்குஞ்சுகள் நெளிந்தன. குடலிலிருந்த பாக்டீரியா ரத்தத்தில் கலந்திருந்தது. அப்பா பிழைக்கவில்லை.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் புழு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மலத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், தப்பிவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் செய்யுங்கள். காத்திருக்க நேரமில்லை என்றால், தகுந்தவர்களுக்கு ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுக்கலாம். அதைக் கண்டுபிடித்த ஒமுராவும் கேம்ப்பெல்லும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மருந்து இருந்தும் நோயாளிக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை என்றால் எப்படிப் பொறுப்பது? அம்புக்குறி போட்ட எண்ணைப் பார்த்து, ஏன் ஏறியது என்று கேட்கக்கூட யாருக்கும் நேரமில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கை அதேதான்: ஸ்டீராய்டுக்கு முன் புழுப் பரிசோதனை. சிகிச்சைப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் சேர்த்து, அதை நிரப்பாமல் மாத்திரை வழங்கக்கூடாது என்று உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்