இடுப்பில் வைக்கும் துப்பாக்கி பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

ஹூஸ்டன் கடையை இரவு 11 மணிக்குப் பூட்டிவிட்டு அன்றைய வசூலுடன் நீ தனியாகக் காருக்கு நடந்து செல்கிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் நிம்மதியாக இல்லை. ஆடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள எந்தக் கைத்துப்பாக்கியை நம்பலாம் என்று கேட்டிருக்கிறாய். டல்லாஸில் ஆறு ஆண்டுகளாக ஒன்றைச் சுமந்து திரிகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1988இல் வந்த கிளாக் 19, 15 தோட்டா கொள்ளும். வெற்று எடை ஏறத்தாழ 600 கிராம். 2018இல் வந்த சிக் சாவர் பி365 அதைவிடச் சிறியது, 10 தோட்டா கொள்ளும். சட்டைக்குள் சிறியதுதான் எளிதாக மறையும் என்பது உண்மை. ஆனால் எடை குறையக் குறையக் கையில் உதைப்பு கூடும், குறியும் கலையும். ஐந்து தோட்டா ரிவால்வரில், தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் என்ற பெட்டியின் தொல்லை கிடையாது என்றாலும், அதன் விசையை இழுக்க விரலில் நல்ல வலு வேண்டும்.

நீ பெயரைக் கேட்டாய். எனக்கோ பெயரைவிடச் சோதனைதான் பெரிது. நான் முதலில் வாங்கிய சிறிய பிஸ்டல், பயிற்சிக் கூடத்தில் நாற்பதாவது தோட்டாவோ என்னவோ, திடீரென்று நின்றுவிட்டது. பார்த்தால், காலித் தோட்டாக் கூடு வெளியே தெறிக்காமல், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு என்ற பாகத்தின் வாயில் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நின்றது. மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் இப்படி ஆகும் என்று பயிற்சியாளர் சொன்னார். பிடியைத் திருத்திய பின்பும் சிக்கல் தொடரவே, மேகசின்களின் அடியில் வெள்ளைப் பெயின்ட்டால் எண்ணிட்டு ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாம் எண்தான் சிக்கியது. அதை அன்றே ஒதுக்கிவைத்தேன். ஆகவே நீ எதை வாங்கினாலும், மலிவான பயிற்சித் தோட்டாவில் இருநூறு முந்நூறும், அதன் பிறகு நீ நிஜமாகவே நிரப்பி வைக்கப்போகும் முனைக்குழித் தோட்டாவில் இரண்டு பெட்டியாவதும், உன் கையால், உன் மேகசின்களைக் கொண்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டு முடிக்கும் வரை அதை இடுப்பில் வைக்காதே. செலவைப் பார்க்காதே, முருகேசா.

தோட்டாவின் அளவில் 9 மில்லிமீட்டர் போதும். 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு பெரிய அளவுகளுக்குப் போன எஃப்.பி.ஐ.யே பின்னாளில் 9 மில்லிமீட்டருக்குத் திரும்பிவிட்டது. இரவில் தோட்டாவை வெளியே எடுத்துக் காலையில் அதையே மீண்டும் ஏற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். பலமுறை ஏற்றினால் குண்டு கூட்டுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

துப்பாக்கிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு உறையில் மிச்சம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது. இக்காலப் பிஸ்டல்கள் பலவற்றில் கையால் தள்ளும் பூட்டு இல்லை. விசை அழுந்தினால் சுடும். எனவே விசையை முழுதாக மூடி, குறிப்பிட்ட அந்தத் துப்பாக்கிக்கென்றே வார்த்த கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறையையும், தொய்யாத தடித்த பெல்ட்டையும் வாங்கு. திரும்ப உறையில் செருகும்போது அவசரப்படாதே. சட்டை நுனி விசையில் மாட்டவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே செருகு.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் இன்றியே எடுத்துச் செல்லலாம். ஆயினும் உரிமம் எடுத்துக்கொள். வேறு சில மாநிலங்களுக்குப் போகும்போது அது உதவும். உனக்குக் கிரீன் கார்டு இருப்பதால் வாங்கத் தடையில்லை. ஆனால் எச்-1பி விசாவில் இருக்கும் உன் தம்பியின் கையில் அவசரத்துக்குக்கூட அதைக் கொடுத்துவிடாதே. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விசாவில் உள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். இடுப்பிலிருந்து கழற்றிய உடனே அது இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். அலமாரியின் மேல்தட்டை நம்பாதே.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை இங்கே வா. என்னிடம் இருக்கும் மூன்றையும் நீ சுட்டுப் பார்க்கலாம். கடையில் அன்றாடம் அணியும் பேன்ட், சட்டையுடனேயே வந்தால், எது உன் உடம்போடு ஒட்டி மறைகிறது, குனிந்து பெட்டி தூக்கும்போது எது துருத்துகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
தாமோதரன்